வேலை மேசைக்கு எந்தப் பலகை?

(தொழிற்பட்டறைப் பயிற்சி முடித்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் பிள்ளை மடுவத்தில் நிகழ்த்திய பேச்சு. பேசியபடியே, சில இடங்களில் மாத்திரம் சுருக்கித் தரப்படுகின்றது.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கணும், விறகு பொறுக்கணும், டவுனுக்குப் போய் சாமான் வாங்கணும். இத்தனை வேலையையும் போட்டுவிட்டு மேசைப் பலகையைப் பற்றிக் கேட்க வந்திருக்கின்றீர்கள். "மேசை செய்யத் தெரியாதா நமக்கு, இதுக்கு ஒரு கூட்டமா?" என்று பின்னால் ஒரு ஐயா சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலை எங்கள் சொந்தத் தவறிலிருந்தே தொடங்குகின்றோம்.

நாங்கள் முதன்முதலில் ஒரு தோட்டத்தில் சின்னப் பட்டறை போட்டுக் கொடுத்தபோது, மேசைக்கு மேற்பலகை தேடி டவுனுக்குப் போனோம். கடையில் வெள்ளை நிறத்தில் போர்மிக்கா ஒட்டிய சிப்போர்ட் பலகை இருந்தது. கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. விலையும் கைக்கு அடக்கம். வாங்கி வந்து போட்டோம். பார்த்தவர்கள் எல்லோரும் "ஆஸ்பத்திரி மேசை மாதிரி இருக்கு" என்று மெச்சினார்கள். எங்களுக்கும் பெருமைதான்.

அது மாசி மாதம். ஆனி மாதம் வந்தது. மேற்கு மலைகளில் ஆனி ஆடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாது. பட்டறையின் கூரையும் ஒரு மூலையில் ஒழுகியது. முதலில் பலகையின் ஓரம் சற்று உப்பியது. பிறகு தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி போல ஊறி, பிதுங்கி, கையால் கிள்ளினால் தூளாக வந்தது. மேலே போர்மிக்கா மட்டும் அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது. உள்ளே என்ன நடக்கின்றது என்பதை அது மறைத்துவிட்டது.

அந்தப் பலகையில்தான் வைஸைப் பூட்டியிருந்தோம். ஒரு தம்பி அதில் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்து அரம் போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்குரூ ஆணி நாலும் பிடுங்கிக்கொண்டு வைஸ் அவன் காலில் விழுந்தது. இரண்டு விரல் எலும்பு உடைந்தது. அந்தப் பட்டறைக்கு அவனது அம்மா தன் சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்திருந்தார். நாங்கள் பார்க்கப் போனபோது அவர் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. "பளபளன்னு இருந்துச்சுங்க, அதான் நம்புனோம்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் ஒரு பலகையைப் பற்றி இவ்வளவு நேரம் பேச வந்திருக்கின்றோம்.

அடுத்த தடவை நாங்கள் செய்தது அதற்கு நேர்மாறான தவறு. உடையவே கூடாது என்று மேசை முழுவதற்கும் இரும்புத் தகடு போட்டோம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 6 மில்லிமீற்றர் தடிப்பு. அந்த அளவுத் தகடு ஒன்றின் பாரம் ஏறக்குறைய 52 கிலோ. ரோட்டிலிருந்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். அது இன்றைக்கும் இருக்கின்றது, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும். ஆனால் அதில் தச்சு வேலை செய்ய முடியவில்லை. உளி ஒரு தடவை வழுக்கித் தகட்டில் பட்டால் போதும், வாய் போய்விடும். பிறகு அரை மணி நேரம் கல்லில் தீட்ட வேண்டும். இழைத்து முடித்த பலகையைக் கவிழ்த்து வைத்தால் கீறல் விழும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் மூன்று லயத்துக்குக் கேட்கும். பனிக்காலத்துக் காலையில் தகடு வேர்த்து அதன் மேல் வைத்த சாமான் எல்லாம் துருப்பிடித்தது. ரேடியோ திருத்தப் பழகிய தங்கச்சி ஒருவர் அந்த மேசைக்குக் கிட்டவே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. கரண்ட் ஓடுகின்ற சாமானை இரும்பின் மேல் வைத்துத் திறப்பது உயிரோடு விளையாடுவது.

இந்த இரண்டு மேசைக்கும் பிறகுதான் எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது. அது உங்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். பாக்டரிக்குள் போய்ப் பாருங்கள். கொழுந்து வாடவிடும் இடத்தில் அந்தக் காலத்தில் சாக்குத் தட்டு, பிறகு வலை போட்ட தொட்டி. ஏனென்றால் காற்று ஊடுருவ வேண்டும். ரோலர் மேசையில் பித்தளைப் பட்டைகள். ஏனென்றால் இலை முறுகி நசுங்க வேண்டும். அரைத்ததை நிறம் மாற விரித்து வைக்கும் இடத்தில் சீமெந்துத் தரை, ஓடு, அலுமினியத் தட்டு என்று குளிர்ச்சியாக, கழுவக் கூடியதாக இருக்கும். எல்லாம் ஒரே கொழுந்துதான். வேலை மாறும்போது தளமும் மாறுகின்றது. பித்தளைதான் உசத்தி என்று வாடவிடும் தொட்டிக்கு யாரும் பித்தளை போடுவதில்லை.

வேலை மேசையும் அப்படித்தான். எது கெட்டியான பொருள் என்று கேட்டால் இரும்பு என்றுதான் பதில் வரும். என்ன வேலை, அதில் எது அடிபட வேண்டும், எது அடிபடக் கூடாது என்று கேட்டால்தான் சரியான பதில் வரும். தச்சு வேலையில் உளியும் மரச்சாமானும் அடிபடக் கூடாது. ஆகவே மேசை அடிபட வேண்டும். அடிபடுவது மேசையின் கடமை என்று வைத்துக்கொண்டால், அடிபட்ட பகுதியைக் கழற்றி மாற்றக் கூடியதாகச் செய்வதுதான் புத்தி. கீழே கனமான மரம். மேலே மலிவான ஒரு தோல். தோல் கிழிந்தால் தோலை மட்டும் மாற்றலாம். நாங்கள் மூன்றாவதாகச் செய்த மேசை அப்படிச் செய்தது. அதைத்தான் நீங்களும் செய்யும்படி கேட்கின்றோம்.

முதலில் கீழ் மரம். நம் பக்கத்தில் கிடைப்பவற்றில் பலா மிகவும் நல்லது. வைரம் பாய்ந்த பலாவைக் கறையான் லேசில் தொடாது. ஆணியையும் போல்ட்டையும் நன்றாகப் பிடிக்கும். மஞ்சளாக இருப்பது நாளாக நாளாகத் தவிட்டு நிறமாகும். அது குற்றமல்ல. ஆனால் ஓரத்தில் வெளிறிய பகுதி இருந்தால் அதைக் கழித்துவிட்டு வாங்குங்கள். புழு முதலில் அங்கேதான் விழும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலா மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. 1951-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். ஆகவே மரக்காலையில் ரசீதோடு வாங்குங்கள். "ஒரு ஆள் மலிவா தர்றேன்னார்" என்று ராத்திரியில் வரும் பலகை பிறகு உங்களைத்தான் மாட்டிவிடும்.

பலாவுக்கு வசதி இல்லாவிட்டால் யூக்கலிப்டஸ், அதாவது நம்மவர்கள் டர்பன்டைன் என்று சொல்வது. பலமான மரம்தான். ஆனால் காயும்போது முறுக்கும், வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பலகையாகப் பார்த்து எடுக்க வேண்டும். தேயிலைக்கு நிழலுக்கு வைத்த சபுக்கு மரம் மேசையின் காலுக்கும் சட்டத்துக்கும் போதும். அல்பீசியா வேண்டாம். நகம் பட்டாலே பள்ளம் விழும். ரப்பர் பலகை பார்க்க அழகு. மருந்து ஏற்றிப் பதப்படுத்தாதது என்றால் பூச்சி தின்றுவிடும். பழைய ரெயில் சிலிப்பர் கட்டை கிடைத்தால் விடாதே என்று சிலர் சொல்வார்கள். அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நாள் முழுக்கக் கை வைத்து வேலை செய்யும் மேசைக்கு அது ஆகாது.

தடிப்பு 2 அங்குலம் இருந்தால் நல்லது. ஒன்றரைக்குக் குறையக் கூடாது. மரம் கிடைக்காத இடத்தில் 18 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிப் போட்டாலும் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் வரும். அது மரத்தைப் போல் வீங்கிச் சுருங்காது. விலை கூட, அவ்வளவுதான்.

வீங்குவதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மரம் வெட்டிய பிறகும் மூச்சு விடும் என்று பழைய ஆசாரிமார் சொல்வார்கள். ஈரக் காலத்தில் தண்ணீரை உள்ளே இழுத்து அகலும். வரட்சியில் சுருங்கும். நீளவாட்டில் ஒன்றும் தெரியாது, அகலவாட்டில்தான் எல்லாம். 2 அடி அகலமான மேசையில் ஈரக் காலத்துக்கும் வரண்ட காலத்துக்கும் இடையில் கால் அங்குலம் வரை வித்தியாசம் வரலாம். நம் மலைநாட்டில் இது பெரிய விஷயம். தைப் பனியும் மாசிக் காற்றும் ஒரு பக்கம், ஆனி மழை மறு பக்கம். இந்த இழுபறியைத் தடுக்க நினைத்து எல்லாப் பலகையையும் இறுக்கி ஆணி அடித்தால் மரம் வெடிக்கும், இல்லாவிட்டால் சட்டத்தை முறித்துக்கொண்டு எழும்பும்.

ஆகவே நீங்கள் நிற்கும் பக்கத்துப் பலகையை மட்டும் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டுங்கள். மற்றப் பலகைகளுக்குச் சட்டத்தில் போடும் ஓட்டையை அகலவாட்டில் சற்று நீட்டி, வாஷர் வைத்துப் பூட்டுங்கள். பலகை அசைய இடம் இருக்கும். மாசியில் மேசை செய்கிறீர்களா, பலகைகளுக்கு நடுவே ஒரு தடித்த அட்டை போகுமளவுக்கு இடம் விடுங்கள். ஆனியில் செய்கிறீர்களா, நெருக்கிப் போடுங்கள், பிறகு தானாகவே விலகும். எந்த மாதத்தில் செய்தோம் என்பதை மேசையின் அடியில் பென்சிலால் எழுதி வையுங்கள். சிரிக்காதீர்கள், பிறகு திருத்துகிற ஆளுக்கு அது உதவும்.

பலகை காய்ந்ததா என்று எப்படி அறிவது? ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, கடைத் தராசில் நிறுத்து எழுதி, பலகையோடு அதே நிழலில் வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவை நிறுங்கள். பாரம் குறைந்துகொண்டே போகும். குறைவது நின்ற பிறகுதான் மேசை செய்ய வேண்டும். பச்சை மரம் என்றால் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அவசரப்படாதீர்கள் என்று சொல்வது எங்களுக்கு எளிது, கடன் காசுக்கு வட்டி கட்டுகிறவர் நீங்கள். அப்படியென்றால் காய்ந்த பலகைக்கே கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குங்கள்.

இனி மேலே போடும் தோல். ஹார்ட்போர்ட் என்று கடையில் கேளுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறு பக்கம் சல்லடை அச்சு மாதிரியும் தவிட்டு நிறத்தில் இருக்கும். மரத்தை ஆவியில் பஞ்சு பஞ்சாகப் பிரித்து, சூட்டில் அழுத்திச் செய்வது. 1924-இல் அமெரிக்காவில் வில்லியம் மேசன் என்பவர் மர ஆலையில் வீணாகும் துண்டுகளை என்ன செய்யலாம் என்று பார்க்கப் போய்க் கண்டுபிடித்த வழி அது. மேசனைட் என்ற பெயர் அவரால்தான் வந்தது. 8 அடிக்கு 4 அடித் தாளில் 6 அடி மேசைக்கு இரண்டு தோல் வெட்டலாம். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை உத்தரத்துக்கு மேல் தட்டையாக வைத்துவிடுங்கள். உளி அதில் பட்டால் வாய் போகாது, ஹார்ட்போர்ட்டில்தான் கோடு விழும். பசையும் வர்ணமும் கொட்டினால் சுரண்டிவிடலாம்.

அதைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் தோல் இல்லை, அதுவும் மேசையாகிவிடும். முன் ஓரத்தில் ஒரு மரச் சட்டம் அடித்து அதற்குள் பொருந்த வையுங்கள். ஆறேழு ஸ்குரூ போதும். தலை மேற்பரப்புக்குக் கீழே இறங்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உளி அதைத் தேடிப் போய் மோதும். ஹார்ட்போர்ட்டிலுள்ள ஓட்டை ஸ்குரூவை விடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். ஹார்ட்போர்ட்டுக்கும் தண்ணீர் பகைதான். அதை மறைக்க மாட்டோம். இரண்டு பக்கமும் ஓரமும் எண்ணெய் அல்லது வார்னிஷ் பூசிப் போட்டால் தாங்கும். ஒழுகுகின்ற கூரையின் கீழ் எதுவும் தாங்காது, முதலில் கூரையைப் பாருங்கள்.

வைஸை ஒருபோதும் மேற்தோலில் மட்டும் பூட்ட வேண்டாம். மேசையின் கால் வரும் இடத்துக்கு மேலே, கனமான மரத்தை ஊடறுத்து, கீழே பெரிய வாஷர் வைத்து, போல்ட் நட்டால் இறுக்குங்கள். ஸ்குரூ ஆணியால் அல்ல. அந்தத் தம்பியின் காலை நினைத்துக்கொண்டு இறுக்குங்கள்.

இரும்பு வேலை, எண்ணெய் வேலை செய்கிறவர்கள், ஆட்டோ திருத்தப் போகிறவர்கள் எல்லோருக்கும் இரும்புத் தகடு போட்ட மேசைதான் சரி. ஆனால் அது தனி மேசையாக, சின்னதாக இருக்கட்டும். எங்கள் பெரிய தகட்டைப் பிறகு அப்படித்தான் வெட்டிப் பயன்படுத்தினோம். வெல்டிங் செய்வதற்குக் கறுப்புத் தகடு வேண்டும். லயத்துக் கூரைத் தகரம் நாகம் பூசியது. அதன் மேல் சூடு வைத்தால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

அதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. சூடு தாங்கும் என்று சொல்லிக் கூரைக்குப் போட்ட அஸ்பெஸ்டஸ் தகட்டுத் துண்டை மேசைக்கு மேல் போடுகிறார்கள். நாங்களே இரண்டு இடத்தில் பார்த்தோம். தயவுசெய்து வேண்டாம். அறுத்தாலும் துளைத்தாலும் தேய்த்தாலும் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறந்து நெஞ்சுக்குள் போகும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கின்றது. நோய் உடனே தெரியாது, இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். ஏற்கனவே போட்டிருந்தால் உடைக்காமல், அறுக்காமல் அப்படியே விட்டுவிட்டு எங்களிடம் சொல்லுங்கள்.

மரத்துக்கு எண்ணெய் பூசுவதிலும் ஒரு எச்சரிக்கை. லொறியிலிருந்து இறக்கிய கழிவு எண்ணெயைப் பூசுவது நம் பக்கத்தில் வழக்கம். அது தோலுக்குக் கேடு, புற்றுநோய்க்கும் வழி. கொதிக்க வைத்த லின்சீட் எண்ணெய் பூசுங்கள், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, மேசையின் அடிப்பக்கத்திலும். ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது காயும்போது தானாகச் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். நெருப்புக்குச்சி தேவையில்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ எப்படி லயம் முழுக்க ஓடும் என்று பார்த்தவர்கள் இங்கே இருக்கின்றீர்கள். துணியை வெளியே விரித்துக் காய விடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டின்னில் போட்டு மூடுங்கள்.

(இதன் பின் சபையிலிருந்து கேள்விகள் கேட்கப்பட்டன.)

போன் திருத்தப் பழகிய தங்கச்சி, தனக்கு எது நல்லது என்று கேட்கிறார். உங்களுக்குக் கனமான மரம்கூட வேண்டாம் அம்மா. சாதாரண மேசையில் ஹார்ட்போர்ட் போட்டு, அதன் மேல் ஒரு ரப்பர் விரிப்பு. வெளிர் நிறமாக இருந்தால் விழுகின்ற சின்ன ஸ்குரூ கண்ணுக்குத் தெரியும். போர்மிக்காகூட உங்களுக்குச் சரி வரும், அடியில் சிப்போர்ட் இல்லாமல் பிளைவூட் இருந்தால். நாங்கள் போர்மிக்காவை ஏசுவதாக நினைக்க வேண்டாம். தண்ணீரையும் கறையையும் தாங்கும் நல்ல பொருள் அது. அதை எதன் மேல் ஒட்டினார்கள் என்று அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை.

"தரையில வச்சே அடிச்சா என்னாங்க, எங்கப்பா அப்புடித்தானே செஞ்சாரு?" என்று முன்வரிசையில் பாட்டி கேட்கிறார். செய்தார்தான் பாட்டி, நல்லாவும் செய்தார். கடைசிக் காலத்தில் அவருக்கு முதுகு நிமிர்ந்ததா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாசல் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருக்கின்றோம். நேற்று ராத்திரி அதில் மூன்று துண்டு ஊறப் போட்டோம். ஒன்று சிப்போர்ட், ஒன்று எண்ணெய் பூசிய ஹார்ட்போர்ட், ஒன்று பலா. அளவு மூன்றுக்கும் ஒன்றுதான். நனைக்காத துண்டுகளும் பக்கத்தில் இருக்கின்றன. போகும்போது கையில் எடுத்து, நகத்தால் கீறி, ஒன்றோடு ஒன்று வைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் தொட்டுப் பார்க்க விடுங்கள். தேத்தண்ணி அதற்குப் பிறகு.